சொன்ன சொல்லின் கடன்

மக்கள் தொடர்பு என்பது ஒரு நிறுவனமோ சங்கமோ தனிமனிதரோ தம்மைச் சார்ந்து வாழும் மக்களோடும், தம்மை நம்ப வேண்டிய நிலையிலுள்ள மக்களோடும் நல்லுறவைத் தொடர்ந்து பேணுவதற்காகத் திட்டமிட்டு ஆற்றும் தொடர்பாடற் பணியாகும். விளம்பரம் செய்பவர் பத்திரிகையில் இடத்தையோ வானொலியில் நேரத்தையோ பணம் கொடுத்து வாங்கி அதில் தாம் விரும்பியதைச் சொல்கிறார். மக்கள் தொடர்பாளரோ எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத கேட்பவரின் நம்பிக்கையை நாடி உழைக்கிறார். கொழும்பில் பெரிய அலுவலகங்களும் பெரிய வாடிக்கையாளர்களும் கொண்ட தொழிலாக வளர்ந்துள்ள இது, ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், தெமோதரை போன்ற சிறு புகையிரத நிலையத்தைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கடைவீதிகளிலும், இரண்டு மூன்று பேர் ஒரு கணினியையும் ஒரு மோட்டார் சைக்கிளையும் வைத்துக்கொண்டு நடத்தும் சிறு முயற்சியாகவே நடைபெறுகிறது. அத்தகைய சிறு மக்கள் தொடர்பு நிலையம் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியதிலிருந்து கிடைத்த பாடங்களை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. அப்பாடங்கள் அனைத்துக்கும் அடியில் ஓர் உண்மை கிடக்கிறது: ஊவாத் தோட்டப்புறத்தில் இத்தொழிலைத் தொடங்கும் எவரும், தாம் பிறப்பதற்கு முன்பே பிறர் சொல்லிவிட்டு நிறைவேற்றாமற்போன வாக்குகளின் கடனைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகிறார்.

இக்கடனின் வரலாறு கோப்பிக் காலத்திலேயே தொடங்குகிறது. கங்காணி எனப்பட்டவர் தமிழகத்திலுள்ள தம் ஊருக்குத் திரும்பிச் சென்று, உற்றார் உறவினரையும் அயலாரையும் திரட்டி வந்து, அவர்களுக்கு மேற்பார்வையாளராகவும் கடன் கொடுத்தவராகவும் ஒருங்கே அமைந்தவர். அவர் கையில் அச்சிட்ட துண்டறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. உறவுக்காரர் என்னும் உரிமையோடு சொல்லும் வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்தார்கள் என்னும் பேச்சு, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் வாசல்களில் முதியோர் வாயில் இன்றும் வழங்குகிறது. வந்து சேர்ந்தபோதோ, வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டிருந்தன. அக்கடனைத் தீர்ப்பவரிடம் ஆட்களை விட்டுக்கொடுப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு ‘துண்டு’ எனப்பட்டது; ஒரு மனிதரின் இடப்பெயர்வே ஒரு துண்டுக் கடதாசியில் அடங்கியது. 1904 இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் அமைக்கப்பட்டு ஆட்சேர்ப்பு ஒழுங்குபடுத்தப்பட்டது. துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1939 இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் வருவதற்குத் தடை விதித்தது. சட்டங்கள் இவ்வாறு மாறினாலும், வெளியிலிருந்து வந்து நல்லது சொல்பவரை ஒருகணம் நின்று பார்க்கும் வழக்கம் மாறவில்லை. அவ்வழக்கம் அறியாமையால் வந்ததன்று. பல தலைமுறை அனுபவத்திலிருந்து வந்த விவேகம் அது என்பதை உணராதவர் இத்தொழிலில் நிலைக்க மாட்டார்.

ஊவாவின் பெயரை உலகுக்கு எடுத்துச் சென்ற பிரசாரம் மற்றொரு திசையை நோக்கியது. 1890 இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலை தோட்டத்திலிருந்து நேரே குடிப்பவரின் கோப்பைக்கு வருகிறது என்னும் ஒரே எண்ணத்தை இடையறாது சொல்லிப் பிரித்தானியாவின் சாதாரணக் குடும்பங்களைத் தம்பால் ஈர்த்தார். 1932 இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அதே பணியை நாட்டின் பெயரால் தொடர்ந்தது. இவ்விரு முயற்சிகளும் தத்தம் இலக்கில் பெருவெற்றி கண்டவை. இத்தொழிலைக் கற்பவர் அவற்றின் எளிமையையும் விடாமுயற்சியையும் படித்தறிய வேண்டும். ஆனால் இப்பிரசாரங்களில் கொழுந்து எடுக்கும் பெண் ஓர் உருவமாக மட்டுமே தோன்றினாள். அவளைக் கேட்பவளாகவோ பதில் சொல்பவளாகவோ எவரும் கருதவில்லை.

அவளிடம் பேச முற்பட்டவர்கள் வேறு வகையினர். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர், அந்நியர் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக வேடமிட்டுச் சென்று நிலைமையை நேரிற் கண்டறிந்தார் என்று சொல்லப்படுகிறது. 1924 இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கிய அவர், 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை, எழுத்தறியாதவர் பெரும்பான்மையினராக இருந்த தோட்டங்களில் அச்சேறிய கட்டுரை எட்டாது என்பதை அறிந்து, மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாடல்கள் இயற்றித் தாமே பாடினார். ஒரு சிறு அச்சுக்கூடம், ஒரு குரல், ஓயாத நடை ஆகியவற்றைக்கொண்டு அவ்விருவர் செய்த பணியை மக்கள் தொடர்பு என்று அக்காலத்தில் எவரும் அழைக்கவில்லை. ஆயினும் எழுதுவதற்கு முன் போய்ப் பார்த்தல், கேட்பவர் எவ்வழியாகக் கேட்பாரோ அவ்வழியைத் தேர்தல் என்னும் இரண்டு விதிகளையும் ஊவாவின் சிறு நிலையங்கள் இன்றைக்கும் அவர்களிடமிருந்தே கற்க வேண்டியுள்ளது.

போய்ப் பார்த்தல் என்பது தோட்டப்புறத்தில் எங்கே, எந்நேரத்தில் என்னும் கேள்விகளையும் உள்ளடக்கியது. காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் இடமான பிரட்டுக்களத்தில் அறிவித்தல் ஒட்டுவது எளிது; ஆனால் அங்கு நிற்பவர்களின் மனம் அன்றைக்கு எந்த மலைக்குப் போகிறோம் என்பதிலேயே இருக்கும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நிற்கும் சில நிமிடங்களிலும், பிள்ளைக்காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பும் வழியிலும், சம்பள நாளில் கடையடியிலும் பேசப்படுவதே உண்மையான பேச்சு. மாலை ஏழு மணிக்குக் கோயில் முன்றலில் கூட்டம் வைத்தால் ஆண்கள் வருவார்கள். நாள் முழுவதும் மலையில் நின்ற பெண்கள் அந்நேரத்தில் அடுப்படியில் நிற்பார்கள். கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களாக இருக்க, அவர்களுடைய வருமானத்தைப் பற்றிய செய்தி அவர்களைத் தவிர்த்துவிட்டு ஆண்களை மட்டும் எட்டிய கூட்டங்கள் பல. அந்நிலையம் தொடக்க ஆண்டுகளில் தலைகளை எண்ணிக் கூட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதியது. யாருடைய தலைகள் அவை என்று எண்ணிப் பார்க்கக் கற்றது பின்னரே.

அத்தொடக்க காலத் தவறுகளுள் ஒன்று முழுமையாகச் சொல்லத்தக்கது. தோட்டப் பெண்களுக்கான சுயதொழிற் பயிற்சி ஒன்றைப் பற்றி மக்களுக்கு அறிவிக்கும் பணியை அந்நிலையம் ஓர் அமைப்பிடமிருந்து ஏற்றது. துண்டறிக்கை அழகாக அமைந்தது. பயிற்சி இலவசம் என்னும் சொல் அதில் பெரிய எழுத்தில் இடம்பெற்றது. வேலை நாளாக இருந்தும் பெண்கள் திரளாக வந்தார்கள். அன்று நடந்ததோ பெயர் பதிவும் உரைகளும் மட்டுமே. பயிற்சி பின்னொரு நாளில் தெரிவு செய்யப்பட்ட சிலருக்கே என்று மாலையில் அறிவிக்கப்பட்டது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையையும் அதற்குரிய சம்பளத்தையும் ‘பேர்’ என்பார்கள்; வந்த ஒவ்வொருவரும் அன்று ஒரு பேரை இழந்திருந்தார்கள். இலவசம் என்று எழுதியவர்கள், வருவதற்கே ஒரு விலை உண்டு என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த வாரம் லயங்களுக்குச் சென்று தவற்றை ஒப்புக்கொண்டபோது ஒரு மூத்த பெண் கோபமின்றிச் சொன்னார்: “போனது போகட்டும் தம்பி. இனிமே கூப்பிடுறதா இருந்தா என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, ரெண்டையும் சேர்த்துச் சொல்லு.” அன்றிலிருந்து அந்நிலையத்திலிருந்து வெளிவந்த ஒவ்வோர் அறிவித்தலிலும் கிடைப்பது ஒரு வரியிலும் கிடைக்காதது மறுவரியிலும் எழுதப்பட்டன. வாடிக்கையாளர் சிலர் இரண்டாவது வரியை விரும்பவில்லை. அவ்வரியை நீக்குமாறு வற்புறுத்தியவர்களின் பணி ஏற்கப்படவில்லை.

மொழி இத்தொழிலின் அடுத்த பெரும் பாடமாகும். பதுளை மாவட்டத்தில் எல்ல உள்ளிட்ட சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. சிங்களமும் தமிழும் அங்கு அலுவல் நடத்தும் மொழிகள். நடைமுறையில் ஓர் அறிவித்தல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டு, இறுதி நேரத்தில் தமிழாக்கப்படுகிறது. அவ்வாறு பிறந்த தமிழ் இலக்கணப் பிழை இல்லாதபோதும் தோட்டத்தில் எவர் காதிலும் ஏறுவதில்லை. கைக்காசு, செக்ரோல், கொழுந்து, கவ்வாத்து, மலை, லயம் முதலிய சொற்களே அங்கு வாழ்க்கையைச் சுமக்கின்றன. ‘தொழிலாளர் வதிவிட அலகு’ என்று எழுதினால், அது தம் லயத்துக் காம்பராவைக் குறிக்கிறது என்பதை அங்கு வாழ்பவரே அறிய மாட்டார். ஆகவே இரு மொழிகளிலும் தனித்தனியே எழுதுவதும், தமிழ் வடிவத்தை அச்சுக்கு அனுப்புமுன் தோட்டத்தைச் சேர்ந்த ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டி, அவர் தயங்கும் இடத்தில் சொல்லை மாற்றுவதும் அந்நிலையத்தின் நிலையான நடைமுறையாயின. இதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைச் சேமித்தவர்கள் முழு அறிவித்தலையும் வீணாக்கியிருக்கிறார்கள்.

தெமோதரையின் புகழ் இத்தொழிலுக்கு வேறொரு சோதனையையும் தந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் 1921 இல் நிறைவுற்ற ஒன்பது வளைவுப் பாலமும், புகையிரத நிலையத்தைக் கடந்து மலையைச் சுற்றி இறங்கும் பாதை அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழைந்து செல்லும் தெமோதரை வளைவும் பெருந்தொகையான பயணிகளை ஈர்க்கின்றன. பதுளை வரையான பாதை 1924 இல் திறக்கப்பட்டது. சரிவை எவ்வாறு கடப்பது என்று பொறியியலாளர் திகைத்து நின்றபோது, ஒரு கங்காணி தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைப் பார்த்தே இவ்வளைவின் அமைப்பு தோன்றியது என்றொரு கதை வழங்குகிறது. விருந்தினர் இல்லங்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் குறிப்புகள் எழுதிக் கொடுக்கையில் இக்கதையைச் சேர்க்குமாறு கேட்காதவர் இல்லை. மக்கள் தொடர்பு நிலையம் அதைச் சேர்த்தே எழுதியது. ஆனால் ஆண்டுகளையும் பாதையின் அமைப்பையும் செய்தியாகவும், தலைப்பாகையை ஊர் சொல்லும் கதையாகவும் பிரித்து எழுதியது. செய்தி என்பது சரிபார்க்கத்தக்கது. கதை என்பது மக்கள் ஏன் சொல்கிறார்கள் என்பதற்காக மதிக்கத்தக்கது. வரலாற்று நூல்கள் பெயர் குறிப்பிடாத ஒரு தோட்டத்து மனிதருக்கு அப்பெரும் அமைப்பில் ஒரு பங்கைக் கொடுக்க ஊர் விரும்புகிறது என்பதே அக்கதையின் உண்மை. இரண்டையும் கலந்துவிட்டால், ஒருநாள் பயணி ஒருவர் கேட்கும் கேள்விக்கு முன் செய்தியும் கதையும் சேர்ந்தே மதிப்பிழக்கும்.

படங்களைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். கூடையை முதுகில் சுமந்து சிரிக்கும் பெண்ணின் படம் இல்லாத ஊவாப் பிரசுரம் அரிது. படம் எடுப்பவருக்கு அது ஒரு கணம். எடுக்கப்படுபவருக்கு அது தம் முகம் எங்கெங்கோ தொங்கப்போவதன் தொடக்கம். படம் எதற்கு, எங்கே வெளிவரும், அதனால் யாருக்கு வருமானம் என்பதை முன்னரே சொல்லிச் சம்மதம் பெறுதல், வேலை நேரத்தை எடுத்தால் அதற்குரிய பணத்தை அன்றே கொடுத்தல், அச்சான பிரதியைக் கொண்டுபோய் அவர் கையில் சேர்த்தல் ஆகிய மூன்றையும் அந்நிலையம் விதியாகக் கொண்டது. மூன்றாவது விதியே மிக அதிகமாகப் பயன் தந்தது. படம் எடுத்துச் சென்ற எத்தனையோ பேருள் திரும்பி வந்தவர் மிகச் சிலரே என்பதால், பிரதியோடு லயத்து வாசலில் வந்து நின்றவரை மக்கள் மறக்கவில்லை.

நெருக்கடிக் காலத் தொடர்பாடல் என்பது விபத்து, நோய், வதந்தி, அனர்த்தம் போன்றவை நேரும்போது உண்மையை விரைந்தும் தெளிந்தும் சொல்லும் பணியாகும். 1906 இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டிக்கு அருகில் நடந்த புகையிரத விபத்தின்போது, செய்தியை மறைக்க வேண்டாம் என்று பென்சில்வேனியா புகையிரத நிறுவனத்தை இணங்கச் செய்து, நிகழ்ந்ததை எழுத்தில் பத்திரிகைகளுக்கு அளித்தவர் ஐவி லீ. அதுவே முதல் ஊடக அறிக்கை எனப் பலராலும் கருதப்படுகிறது. ஊவாவின் சிறு விடுதி ஒன்றில் தங்கியவர்கள் உணவால் நோயுற்றபோதும், மண்சரிவால் பாதை மூடப்பட்டபோதும் அந்நிலையம் கூறிய ஆலோசனை அதுவே: அன்று மாலைக்குள் தெரிந்ததைத் தெரிந்தவாறு சொல்லுதல், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுதல், அடுத்து எப்போது சொல்லப்படும் என்பதையும் சொல்லுதல்.

ஆயினும் சொல்லிவிடுவதோடு பணி முடிவதில்லை என்பதை பதுளை மாவட்டம் மிகக் கொடிய முறையில் கற்றது. 2014 ஒக்டோபர் 29 அன்று காலை கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுதப்பட்டது, அனுப்பவும் பட்டது, மக்களோ அங்கேயே இருந்தார்கள். சொந்த நிலமில்லாமல், வேலையோடு பிணைந்த லயத்துக் காம்பராவில் வாழும் குடும்பத்திடம் ‘வெளியேறு’ என்று சொல்வது பாதிச் செய்தியே. எங்கே போவது, எதில் போவது, போன பின் வேலை என்னாகும் என்பனவே மீதிப் பாதி. கேட்பவர் செயற்பட வேண்டிய வழி திறந்திருக்கிறதா என்று பாராமல் விடப்படும் அறிவித்தல், விட்டவரின் கோவையை நிரப்புமேயன்றிக் கேட்டவரைக் காப்பாற்றாது. அந்நிலையத்தின் பணிகளில் இதற்குப்பின் ஒரு கேள்வி நிரந்தரமாகச் சேர்ந்தது: இதைக் கேட்கும் ஒருவர் நாளைக் காலையில் என்ன செய்ய முடியும்?

பணம் பற்றிய பாடங்கள் எளியவை, ஆனால் தாமதமாகக் கற்கப்பட்டவை. சிறு நிலையங்களுக்கு இரண்டு வகையில் வருமானம் வரும்: மாதந்தோறும் குறித்த வேலைக்குக் குறித்த தொகை பெறும் மாதாந்தக் கட்டணம் ஒன்று, திருவிழா மலர், திறப்பு விழா, கண்காட்சி போன்ற ஒருமுறைப் பணிக்கான கட்டணம் மற்றொன்று. ஒருமுறைப் பணிகள் கண்ணைக் கவரும். அடுப்பை எரிய வைப்பது மாதாந்தக் கட்டணமே. உல்லாசப் பயணத்துறையை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும், 2020 பெருந்தொற்றும், 2022 பொருளாதார நெருக்கடியும் அடுத்தடுத்து விழுந்த அடிகள். காகிதத் தட்டுப்பாட்டால் பத்திரிகைகளே பக்கங்களைக் குறைத்த அக்காலத்தில், அச்சை மட்டும் நம்பியவர்களும் தடுமாறினர். எந்த ஒரு வாடிக்கையாளரிடமிருந்தும் வருமானத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரக்கூடாது, எந்தப் பணியும் எழுத்தில் வரையறுக்கப்படாமல் தொடங்கக்கூடாது, தொகையில் பாதி முன்பணமாகப் பெறப்பட வேண்டும் என்னும் மூன்று விதிகளும் அவ்வாண்டுகளில் உருவானவை. தெரிந்தவர், ஊரார், உறவினர் என்பதற்காக எழுத்தைத் தவிர்த்த இடங்களிலேயே நட்பும் பணமும் ஒருங்கே போயின.

ஏற்கக் கூடாத பணிகளும் உண்டு. பத்திரிகையில் செய்தி வரும் என்று உறுதி கூறுவது அவற்றுள் முதலாவது. வெளியிடுவதா இல்லையா என்பது ஆசிரியரின் தீர்மானம், அதை விற்க மக்கள் தொடர்பாளருக்கு உரிமையில்லை. சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும்போது ஒரு தரப்பின் அறிக்கையை எழுதிக்கொண்டே மறுதரப்பின் மக்களிடம் நடுநிலையாளராகப் போய் நிற்பது இரண்டாவது. பணியின் பயனை அளப்பதிலும் இதே நேர்மை தேவை. வெட்டி ஒட்டிய பத்திரிகைத் துணுக்குகளின் எண்ணிக்கையும் முகநூல் விருப்பங்களின் எண்ணிக்கையும் வாடிக்கையாளரை மகிழ்விக்கும். ஆனால் அறிவித்தலைக் கேட்டபின் எத்தனை பேர் ஐயம் கேட்டு வந்தார்கள் என்பதே அந்நிலையம் கண்ட நம்பகமான அளவுகோல். நம்பாதவர் பேசாமல் விலகிப் போய்விடுவார். நம்பத் தொடங்கியவரே வந்து கேள்வி கேட்பார்.

2023 இல், தோட்டத் தொழிலுக்கென அழைத்து வரப்பட்ட மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து சென்றார்கள். முன்னோர் காட்டு வழியே நடந்து வந்த பாதையில் பேரர்கள் நடந்தபோது, வழியெங்கும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களை வரவேற்றார்கள். நாடு அவர்களுடைய வரலாற்றைக் கேட்டது. சொல்ல வேண்டியதைத் தாமே சொல்வதற்காக அம்மக்கள் தங்கள் கால்களாலேயே செய்த அப்பணி, எந்தப் பெரிய நிறுவனத்தின் பிரசாரத்தையும் விட ஆழமாகச் சென்றது. ஒரு காலத்தில் பிறருடைய வாக்கை நம்பி நடந்தவர்களின் வழித்தோன்றல்கள், இம்முறை தம் வாக்கைத் தாமே சுமந்து நடந்தார்கள்.

ஊவாவின் இளைஞர்கள் பலர் இப்போது கையில் ஒரு தொலைபேசியோடு இத்தொழிலுக்குள் வருகிறார்கள். படம் எடுக்கவும் தொகுக்கவும் பதிவிடவும் முந்தைய தலைமுறையை விட அவர்கள் நன்கு அறிவார்கள். அவர்களிடம் இக்கட்டுரை வேண்டுவது இவ்வளவே: கிடைப்பதையும் கிடைக்காததையும் சேர்த்துச் சொல்லுங்கள்; சொன்ன இடத்துக்கு அடுத்த வாரம் திரும்பிப் போங்கள். முன்னோர் பெயரில் எழுதப்பட்ட அந்தப் பழைய கடன், திரும்பிப் போகும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகக் குறைகிறது.